பாட்டு நிற்காது... விரலை நீங்கள்தான் நிறுத்தணும்!

பிள்ளைக்கு கிடார் வாங்கிக் கொடுத்தாச்சு. இப்போது கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் எழுந்திருக்காமல் வாசிக்கிறான். 'டி.வி. பார்க்காமல் ஏதோ உருப்படியா பண்றானே' என்று நீங்களும் விட்டுவிடுகிறீர்கள். உருப்படியான காரியம்தான், சந்தேகமே இல்லை. ஆனால், அந்த இரண்டு மணி நேரத்தில் அவன் மணிக்கட்டுக்கும் காதுக்கும் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

அந்த ஹெட்போனில் ஓடுவதற்கு 'பேக்கிங் டிராக்' என்று பெயர். டிரம்ஸ், பேஸ், கார்டுகள் எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். முன்னணி வாத்தியத்தின் இடம் மட்டும் காலி. அந்த இடத்தில் நாம் உட்கார்ந்து மனோதர்மமாக வாசிக்க வேண்டும். அமெரிக்காவில் ஜேமி ஏபர்சோல்டு என்ற ஜாஸ் ஆசிரியர் 1967-ல் இதற்கென்றே இசைத்தட்டு வெளியிட்டார். இன்றைக்கு அது செல்போனிலேயே கிடைக்கிறது.

சங்கராபரணம்தான்!

ஆரம்பத்தில் எல்லோரும் எடுத்துக்கொள்வது மேஜர் ஸ்கேல். பயந்துவிடாதீர்கள், அதன் ஏழு ஸ்வரங்களும் நம்முடைய 29-வது மேளகர்த்தா சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தான். கமகம்தான் இல்லை.

'ஸரிகமபதநி' என்று மேலும் கீழும் ஓட்டுவது மனோதர்மம் ஆகாது. 'ஸி'யை ஷட்ஜமமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஸி கார்டு ஒலிக்கும்போது ஸ, க, ப ஆகிய மூன்றில் ஒன்றில் வந்து நில்லுங்கள். எஃப் கார்டு வந்தால் ம, த, ஸ. ஜி கார்டு வந்தால் ப, நி, ரி. மற்ற ஸ்வரங்களைத் தொட்டுவிட்டுப் போகலாம். ஸி கார்டின் மேல் மத்யமத்தில் போய் நின்று பாருங்கள், காந்தாரத்தோடு உரசுவது உங்கள் காதுக்கே தெரியும். பத்தே நாள் இப்படிப் பழகினால், விரல் முந்திக்கொண்டு ஓடாமல் காது சொல்கிறபடி போக ஆரம்பிக்கும்.

மூளைக்கு என்ன லாபம்?

2008-ல் அமெரிக்காவில் ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து வாசிக்கச் சொன்னார்கள். மேஜர் ஸ்கேலை அப்படியே வாசிப்பது ஒரு முறை, அதே ஸ்வரங்களில் கற்பனையாக வாசிப்பது ஒரு முறை. பிறகு, பதிவு செய்த பக்கவாத்தியத்தோடும் வாசித்தார்கள். கற்பனையாக வாசித்தபோது, நம்மை நாமே கண்காணித்து 'சரியா, தப்பா' என்று பார்ப்பதோடு தொடர்புள்ள முன்மூளைப் பகுதிகள் அடங்கியிருந்தன. சின்ன ஆய்வுதான். ஆனாலும், வாசிக்க உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியவில்லை என்று பிள்ளைகள் சொல்வதை நம்பலாம் போலிருக்கிறது!

சிக்கல் இங்கேதான்

நேரம் தெரியவில்லை என்றால் வலியும் சீக்கிரம் தெரியாது. கூட வாசிக்கிற மனிதர் என்றால் தண்ணீர் குடிப்பார், இரண்டு வார்த்தை பேசுவார். டிராக் அதெல்லாம் செய்யாது. முடிந்ததும் அடுத்தது ஆரம்பித்துவிடும். கையும் ஓய்வில்லாமல் ஓடும். பரீட்சை முடிந்த லீவில், அரை மணியாக இருந்த பயிற்சியைத் திடீரென்று மூன்று மணியாக்குவதுதான் ரொம்ப ஆபத்து. அசைவுக்கு ஆதாரம் வாதம், ஓயாத உழைப்பு அதை மிகுதிப்படுத்தும் என்பது சித்த மருத்துவம் சொல்வது. நவீன மருத்துவமும் தசைநாண் அழற்சி, மணிக்கட்டில் நரம்பு அழுத்தம் என்று இதைத்தான் எச்சரிக்கிறது.

ஆகவே, இப்படிச் செய்யுங்கள்:

* டிராக்கின் வேகம் நிமிடத்துக்கு 60 தட்டு இருக்கட்டும். எட்டு தட்டு வாசியுங்கள். அடுத்த எட்டு தட்டு கையை எடுத்துவிட்டுக் கேளுங்கள். இருபது நிமிடத்தில் பத்து நிமிடம் கைக்கு ஓய்வு. கேட்பவருக்கும் அது ஓட்டமாக இல்லாமல் பேச்சு மாதிரி இருக்கும்.
* இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு முறை கிடாரைக் கீழே வைத்துவிட்டு ஐந்து நிமிடம் நடங்கள்.
* கம்பியை லேசாகத் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். ஒலி தெளிவாக வந்ததும் நிறுத்துங்கள். அவ்வளவு அழுத்தம் போதும்.
* கட்டிலில் கூனிக்கொண்டு வாசிக்க வேண்டாம். நாற்காலியில் உட்காருங்கள். மணிக்கட்டு ரொம்ப மடங்கக் கூடாது.
* ஹெட்போன் போட்டிருந்தாலும் பக்கத்தில் பேசுவது கேட்க வேண்டும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் பெரியவர்களுக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கழற்றிய பிறகு காதில் 'ஙொய்' என்று இரைந்தால், சத்தம் அதிகம் என்று அர்த்தம்.

வேகமாக வாசித்தால்தான் கெட்டிக்காரன் என்று நினைக்கிறீர்களா? 1928-ல் தீ விபத்தில் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் முடங்கிப்போன ஜாங்கோ ரைன்ஹார்ட், பெரும்பாலும் மற்ற இரண்டு விரல்களை வைத்தே தனி ஆவர்த்தனம் வாசித்து உலகப் புகழ் பெற்றார். எத்தனை விரல் என்பது அல்ல விஷயம்.

கை வலித்தால்...

வெறும் அசதி என்றால் இரவில் நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி, முழங்கையிலிருந்து விரல் நுனி வரை மெதுவாகத் தடவிவிடுங்கள். விறைப்பு இருந்தால் நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து, சூடு பொறுக்கும் அளவில் ஒற்றடம் கொடுக்கலாம். வீக்கமும் சிவப்பும் இருந்தால் சூடும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம், ஓய்வுதான் மருந்து.

இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப் போகிறதா? டம்ளர் கை நழுவுகிறதா? வாசிக்கும்போது மட்டும் ஒரு விரல் தானாக மடங்கிக்கொள்கிறதா? எண்ணெய் தடவிக்கொண்டு நாள் கடத்தாதீங்க. நரம்பியல் அல்லது எலும்பு மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். சீக்கிரம் கவனித்தால் வாசிப்பைக் காப்பாற்ற வழி அதிகம்.

பெற்றோர்களே, 'கிடாரை மூடி வை' என்று அதட்ட வேண்டாம். அரை மணிக்கு ஒரு தரம் கதவைத் தட்டி, 'ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போப்பா' என்று கூப்பிடுங்கள். டிராக் செய்யாத அந்த வேலையை நீங்கள் செய்தால் போதும்!