மலை இறக்கத்தில் சைக்கிள்: உயிரும் உரிமையும்

நுவரெலியாவிலிருந்து கம்பளைப் பக்கமாக சைக்கிளில் இறங்குகிறவர், லபுக்கலைத் தேயிலை மலைகளைக் கடந்து இறம்பொடையில் நின்று பின்சக்கரத்தின் வளையத்தைத் தொட்டுப் பார்க்கட்டும். விரல் சுடும். பிரேக் கட்டை தேய்ந்து உதிர்ந்த கறுப்புத் தூள் வளையம் முழுக்க அப்பியிருக்கும். 1,868 மீற்றர் உயரத்து நகரிலிருந்து அவ்வளவு தூரமும் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கியதால் வந்த சூடு அது. விடாமல் இன்னும் இறங்கினால் ரப்பர் இளகிப் பிடிப்பு விட்டுப்போகும், அல்லது சூட்டில் டியூப் வெடிக்கும். வளைவில் அப்படி நடந்தால் அப்பால் பள்ளம்தான்.

யாழ்ப்பாணத்தைப் போல மலையகம் சைக்கிளோடு வளர்ந்த மண் அல்ல. ஏற்றத்தை நினைத்தே பலர் வாங்காமல் இருந்துவிட்டார்கள். 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது நாடே சைக்கிளைத் தேடியது. பிறகு கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் ‘பெக்கோ டிரெயில்’ பாதை வந்தது; நடப்பவர்களோடு சைக்கிள்காரர்களும் தோட்டப் பாதைகளுக்கு வருகிறார்கள். வெளியூரிலிருந்து வருகிறவரிடம் நல்ல சைக்கிளும் தலைக்கவசமும் பயணக் காப்புறுதியும் இருக்கும். அதே இறக்கத்தில் தோட்டத்துப் பையன் ஒற்றைப் பிரேக் மட்டும் வேலை செய்யும் பழைய சைக்கிளில், பின்னால் தம்பியை ஏற்றிக்கொண்டு வருவான். இதை முதலில் அவன் வீட்டார் வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில், கொழும்புப் பாடசாலை மாணவர்கள் சுற்றுலா வந்த பேருந்து இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்து ஒரு வேனிலும் முச்சக்கரவண்டியிலும் மோதியது. ஏழு பேர் இறந்தார்கள். 2025 மே 11 அதிகாலையில், கதிர்காமத்திலிருந்து குருணாகல் நோக்கிப் போன இ.போ.ச. பேருந்து கொத்மலை கெரண்டி எல்லவில் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஆகவே முன்னால் வளைவை மட்டும் பார்த்து இறங்கக் கூடாது. பின்னால் என்ன வருகிறது என்பதிலும் காது இருக்க வேண்டும். விடாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டு பேருந்தோ லொறியோ நெருங்கினால், அது வேகத்தைக் குறைக்கும் என்று நம்பி வீதியில் இருக்காதீர்கள். மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுங்கி, இறங்கி நின்றுவிடுங்கள். ரதல்ல குறுக்கு வீதியைச் சைக்கிள்காரர் தவிர்ப்பதே நல்லது. நானுஓயா நகர் வழியாகச் சுற்றிப் போகலாம்.

இறங்கும் முன் இரண்டு பிரேக்கும் தனித்தனியே சக்கரத்தை நிறுத்துகின்றனவா என்று பாருங்கள். ஒன்றுதான் பிடிக்கிறது என்றால் அந்த இறக்கத்தை நடந்து கடப்பதே மேல். முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி, பிடித்து விட்டு, பிடித்து விட்டு இறங்க வேண்டும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் அழுத்திப் பிடித்தால் சக்கரம் வழுக்கும். சக்கரம் நனைந்திருந்தால் பிரேக் தாமதமாகவே பிடிக்கும். மலைநாட்டில் ஏறி வருகிற வண்டிக்கு வழிவிடுவது நெடுநாள் வழக்கம்; இறங்குகிற சைக்கிளும் அதை மதிக்க வேண்டும். பனிமூட்டத்திலும் இறம்பொடைச் சுரங்கப் பாதையிலும் பகலென்றாலும் முன்விளக்கும் சிவப்புப் பின்விளக்கும் எரியட்டும். டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாத மலைப் பருவம். ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி போகும் வீதியில் இரவெல்லாம் யாத்திரை வாகனம் ஓடும். விடியலில் வருகிற சாரதிகளில் பலர் தூங்காதவர்கள். அந்த நேரத்தில் அந்த வீதி வேண்டாம்.

மழையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவமழை. ஆண்டிறுதியில் இராகலை, வலப்பனைச் சரிவுகளில் வடகீழ் மழை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் வெள்ளத்திலும் மண்சரிவிலும் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையகம் அதில் பட்ட அடி இன்னும் ஆறவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் வெளியிடுகிறது. மஞ்சள் என்றாலே பயணத்தைத் தள்ளிவைத்துவிடுங்கள். வீதியோர மண்திட்டில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வழியும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் அங்கே நிற்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்துச் சொல்லுங்கள்.

இனி, அடிபட்ட பிறகு. கந்தப்பளையில் மரக்கறித் தோட்ட வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் ஓர் இளைஞனை ஒரு வேன் தட்டிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சாரதி இறங்கி வருவார். கூட்டம் கூடும். ‘பொலிஸ், கோர்ட் என்று ஏன் அலைய வேண்டும்’ என்று யாராவது சொல்வார். சில ஆயிரம் ரூபாய் கைமாறும். ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். மறுநாள்தான் கால் எலும்பு முறிந்தது தெரியவரும். நம் மக்கள் அதிகம் இழப்பது இந்த அரை மணி நேரத்தில்தான்.

அந்த இடத்தில் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், பொலிஸுக்கு 119. காயம் ஏற்பட்ட விபத்தில் வாகனத்தை நிறுத்தி, உதவி செய்து, பொலிஸுக்கு அறிவிப்பது சாரதியின் சட்டக் கடமை. வாகன இலக்கத்தையும் காப்புறுதி நிறுவனத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். சைக்கிள் கிடந்த இடத்தைப் படம் எடுங்கள். அரச வைத்தியசாலையில் விபத்து என்றே சொல்லிச் சேருங்கள். ‘வழுக்கி விழுந்தேன்’ என்று மாற்றிச் சொன்னால் பின்னால் சட்ட வைத்திய அறிக்கை உங்களுக்கு எதிராகவே நிற்கும். வீடு திரும்பும்போது தரும் டயக்னோசிஸ் காட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

பொலிஸ் வாக்குமூலத்தில் மொழிதான் பெரிய தடை. சிங்களத்தில் எழுதியதை, என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் கையொப்பமிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. தமிழில் வாக்குமூலம் கொடுக்கவும், எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லவும் தயங்க வேண்டாம். புரியாததில் கையொப்பம் வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். மொழி உரிமை மறுக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடமும், பொலிஸார் முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம்.

எல்லா மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். சைக்கிள்காரரின் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் நட்டஈடு கேட்பது அதிலிருந்துதான். மாவட்ட நீதிமன்ற வழக்குக்கு விபத்து நடந்து இரண்டு ஆண்டுகள்தான் காலம். ‘லைட் இல்லாமல் வந்தாய், உனக்கு ஒன்றும் கிடைக்காது’ என்று மிரட்டினால் நம்பாதீர்கள். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, பாதிக்கப்பட்டவர் பக்கம் ஒரு பங்கு தவறு இருந்தால் தொகை குறையுமே தவிர உரிமை அழியாது. மோதிவிட்டு ஓடிய வாகனத்தைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடந்த விபத்து என்றால், 2022இல் திருத்தப்பட்ட தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழும் கேட்கலாம். கந்தப்பளை இளைஞனுக்கு அதுவும் பொருந்தக்கூடும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

கடைசியாக, பாதையே குழியாகக் கிடக்கும் தோட்டங்கள். லயத்திலிருந்து பிரதான வீதிக்கு வரும் கல்லுப் பாதையில்தான் பிள்ளைகள் சைக்கிள் பழகுகிறார்கள், விழுகிறார்கள். ‘அது தோட்டத்துப் பாதை, சபை கை வைக்க முடியாது’ என்று நீண்ட காலம் சொல்லி வந்தார்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு அப்படித்தான் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. இன்று பிரதேச சபை தோட்டப் பாதைக்கும் செலவழிக்கலாம். நுவரெலியா, அம்பகமுவை சபைகள் பிரிக்கப்பட்டு கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா என்று புதிய சபைகளும் வந்திருக்கின்றன. உங்கள் தோட்டம் எந்தச் சபைக்குள் வருகிறது என்பதைக் கிராம உத்தியோகத்தர் சொல்வார். அந்தச் சபையின் தகவல் அலுவலருக்கு, 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், இந்தப் பாதைக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கினீர்கள், வேலை எப்போது தொடங்கும் என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்தாக வேண்டும். கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி வாருங்கள்.