டயாலிசிஸ் நோயாளிகள்: எடை மெஷின் மறைப்பதைக் காட்டிக்கொடுக்கும் தொடை ஸ்கேன்!

திருவண்ணாமலையை ஒட்டியுள்ள வேங்கிக்கால், கலெக்டர் ஆபீஸ், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என எந்நேரமும் பரபரப்பாக இருக்கும் பகுதி. பௌர்ணமி தவறாமல் 14 கி.மீ. கிரிவலம் போனவருக்குக்கூட, டயாலிசிஸ் தொடங்கிய சில மாதங்களில் நாற்காலியிலிருந்து எழவே கை ஊன்ற வேண்டியிருக்கலாம். ``எடை அப்படியேதானே இருக்கு" என்று வீட்டில் ஆறுதல் சொல்வார்கள். சிக்கலே அங்குதான் இருக்கிறது.

எடை ஏன் ஏமாற்றுகிறது?

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு, ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் இடையே உடலில் நீர் சேரும். 2 கிலோ தசை கரைந்து, 2 கிலோ நீர் சேர்ந்தால் மெஷினில் எந்த மாற்றமும் தெரியாது. ரத்தத்தில் பார்க்கும் அல்புமின் அளவும், கிருமித்தொற்று இருந்தால் குறைந்துவிடும். அதனால் அதை மட்டும் வைத்தும் முடிவுக்கு வர முடியாது.

பசியின்மை, உடலுக்குள் நீடிக்கும் அழற்சி, ரத்தத்தில் அமிலத்தன்மை ஆகியவை தசையைக் கரைக்கின்றன. போதாததற்கு, ஒவ்வொரு டயாலிசிஸிலும் சுமார் 6 முதல் 12 கிராம் அமினோ அமிலம் வெளியேறுகிறது. இப்படிப் புரதச்சத்தை இழப்பவர்களுக்கு நோய்த்தொற்றும் உயிரிழப்பு அபாயமும் அதிகம்.

தொடையில் ஒரு ஸ்கேன்

இதைக் கண்டுபிடிக்க உதவுகிறது தசை அல்ட்ராசவுண்ட். நோயாளியைப் படுக்கவைத்து, முன் தொடையில் ஜெல் தடவி, இடுப்பெலும்புக்கும் முழங்கால் சில்லுக்கும் நடுவே தசையின் தடிமனை அளக்கிறார்கள். ஊசி இல்லை, கதிர்வீச்சும் இல்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும். டயாலிசிஸ் நோயாளிகளிடம் இந்த அளவை சி.டி. ஸ்கேனோடு ஒப்பிட்டுப் பார்த்த மலேசிய ஆய்வாளர்கள், இது நம்பத்தகுந்தது என்கிறார்கள்.

ஆனால், கருவியைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே தசை அமுங்கி, அளவு குறைந்துவிடும். `இதற்குக் கீழே போனால் ஆபத்து' என்று எல்லோருக்கும் பொதுவான ஓர் எண்ணும் இன்னும் இல்லை. அதனால் ஒரே நபருக்கு, டயாலிசிஸ் முடிந்த பிறகு, சில மாதங்களுக்கு ஒருமுறை அளந்து ஒப்பிடுவதே பயன்தரும். நம் நாட்டில், கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி ஸ்கேன் கருவிகளைப் பதிவு செய்தாக வேண்டும். எனவே, டயாலிசிஸ் பிரிவில் நினைத்தவுடன் ஒரு கருவியை வாங்கி வைத்துவிட முடியாது.

வீட்டிலேயே ஒரு சோதனை

கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்பது அவசியம். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

`பத்தியம்' பழசாகிவிட்டது!

டயாலிசிஸுக்கு முன்பு, `புரதம் குறைங்க' என்று மருத்துவர் சொல்லியிருப்பார். பல வீடுகளில் டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் அதே பத்தியம் தொடர்கிறது. ஆனால், இப்போது கணக்கே வேறு. சர்வதேச வழிகாட்டுதல்படி உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. 50 கிலோ எடை உள்ளவருக்கு 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையின் வெள்ளைக்கருவில் கிடைப்பது சுமார் 3.5 கிராம்தான். மீன், கோழி, பருப்பு, தயிர் என எதை, எவ்வளவு சேர்க்கலாம் என்பதை, பொட்டாசியம், பாஸ்பரஸ் அளவுகளைப் பார்த்து உணவியல் நிபுணர் சொல்வார்.

அடுத்த முறை டயாலிசிஸுக்குப் போகும்போது, `எடை எவ்வளவு' என்பதோடு, `தசை எப்படி இருக்கு டாக்டர்?' என்றும் கேளுங்கள்.