அடிவாரத்தில் நிற்கும் நாள்கள்

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்குப் பயணம் செய்தோர் அடிவாரத்தை அறிவர். சமவெளிச் சாலை முடிந்து, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட மலைப்பாதை அங்கேதான் தொடங்குகிறது. அவ்விடத்தில் ஓட்டுநர் கியரைக் குறைக்கிறார். சமவெளியில் ஓடிய வேகத்திலேயே மலையிலும் ஓட்டுவேன் என்று அவர் பிடிவாதம் பிடிப்பதில்லை. ஏற்றம் வந்துவிட்டதே என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போவதுமில்லை. யோகப் பயிற்சியில் மட்டும் நம்மில் பலர் இவ்விரண்டில் ஒன்றைச் செய்துவிடுகிறோம்.

“மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தேன். ஒரு நாள் காலையில் உடம்பு இணங்கவில்லை. அத்தோடு விட்டுவிட்டேன்.” யோகப் பயிற்சி அளிப்பவள் என்ற முறையில் நான் மிகுதியாகக் கேட்கும் சொற்கள் இவையே. மறுபக்கம், என் கதையும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு காய்ச்சல் விட்ட மூன்றாம் நாளே, வழக்கமான 12 சுற்றுச் சூரிய வணக்கத்தைச் செய்தே தீர்வது என்று முனைந்தேன். ஆறாம் சுற்றில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பத்து நாள் தரையில் அமரவே இயலவில்லை. பிறருக்குக் கற்பிப்பவள் இப்படிச் செய்தது வெட்கத்திற்குரியதே.

தென்னாட்டு யோக ஆசிரியர்களுள் தலையாயவரான திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) மைசூர் அரண்மனை யோகசாலையில் சிறுவர்களுக்குக் கடும்பயிற்சி அளித்தவர். பின்னர் அவர் சென்னையில் குடியேறியபோது, அவரைத் தேடி நோயாளிகளும் முதியோரும் வந்தனர். அவர்களுக்கு அவர் அதே பயிற்சியைக் கற்பிக்கவில்லை. வயது, நோய், தொழில், வலிமை ஆகியவற்றைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வகுத்துக் கொடுத்தார். ஆளுக்கேற்ப ஆசனம் மாற வேண்டுமேயன்றி, ஆசனத்திற்கேற்ப ஆளை வளைத்தலாகாது என்பது அந்நெறி. அவருடைய மகன் தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் அந்நெறியிலேயே இயங்கி வருகிறது. தம் 96-ஆம் வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது, கிருஷ்ணமாச்சாரியார் அறுவைச் சிகிச்சையை மறுத்து, படுக்கையிலிருந்தே செய்யத்தக்க பயிற்சியைத் தமக்கென வகுத்துக்கொண்டார் என்பர். அறுவைச் சிகிச்சையை மறுத்ததை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. படுக்கையிலும் பயிற்சி உண்டு என்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

அவருடைய மாணவரும் மைத்துனருமான பி.கே.எஸ். ஐயங்கார் இளமையில் மலேரியா, டைபாய்டு, காசநோய் ஆகியவற்றால் நலிந்தவர். நாற்காலி, கயிறு, கட்டை, மடித்த போர்வை ஆகியவற்றை ஆசனங்களுக்குத் துணையாக்கியவரும் அவரே. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு செய்வது இழுக்கு என்று கருதுவோர் இதை நினைவிற்கொள்க.

இனி, உடல் இணங்காத காலையில் என்ன செய்வது? முதலில் இரண்டு நிமிடம் அமர்ந்தோ படுத்தோ மூச்சைக் கவனியுங்கள். அன்றைய அளவுகோல் அதுதான். எளிய அசைவொன்றை எடுத்துக்கொள்வோம்: மூச்சை உள்ளிழுத்தவாறு இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்துதல், வெளிவிட்டவாறு தாழ்த்துதல். நல்ல நாளில் இதை நின்று செய்யலாம். கால் தளர்ந்த நாளில் நாற்காலியில் அமர்ந்து செய்யலாம். அதுவும் இயலாதபோது மல்லாந்து படுத்து, ஒவ்வொரு கையாக. மிகவும் தளர்ந்த நாளில் மூச்சோடு விரல்களை விரித்து மடக்கினாலே போதும். மூச்சு தடைப்பட்டாலோ, உங்களை அறியாமல் பல்லைக் கடித்தாலோ, அந்த அசைவு அன்றைக்கு மிகை. ஒரு படி இறங்குங்கள். பயிற்சிக்குப் பின் வழக்கத்தைவிடக் கூடுதலான வலி இரண்டு மணி நேரத்திற்கு மேல் நீடித்தால், மறுநாள் அளவைக் குறைக்க வேண்டும்.

விடியற்காலையில்தான் செய்ய வேண்டும் என்ற எண்ணம் பலரை வருத்துகிறது. முடக்குவாதம் உடையவர்களுக்குக் காலையில் மூட்டுகளின் இறுக்கம் தளர ஒரு மணி நேரத்திற்கு மேலும் ஆகலாம். மார்கழிப் பனியில் ஏற்காட்டு மலையூர்களில் ஐந்து மணிக்கு எழுந்து உடலை வளைப்பது அவர்களுக்குத் தண்டனையே. வெந்நீரில் கைகால்களைக் கழுவி, வெயில் ஏறிய பின் பத்து மணிக்குச் செய்தாலும் அது பயிற்சிதான். மலையிலிருந்து பேருந்தில் இறங்கி மருத்துவமனைக்கு வரும் நாளில் வளைவுகளாலேயே தலைசுற்றலும் குமட்டலும் வருவதுண்டு. அன்று மூச்சைக் கவனித்து அமர்ந்திருந்தால் போதும். புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் சோர்வு ஓய்வினால் மட்டும் தீர்வதில்லை. இலேசான அசைவு அதைத் தணிக்க உதவும். பத்து நிமிடம் கடினமாயின், காலை ஐந்து, மாலை ஐந்து எனப் பிரித்துக்கொள்ளலாம்.

முற்றிலும் நிறுத்த வேண்டிய நாள்களும் உண்டு. காய்ச்சல் இருந்தால் ஓய்வெடுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவரைக் காணுங்கள். நெஞ்சுவலி, புதிதாக வந்த மூச்சுத்திணறல், மயக்கம், திடீரென ஒரு பக்கம் மரத்தல் அல்லது வலுவிழத்தல் ஆகியவற்றுக்கு உடனே 108-ஐ அழையுங்கள். உயர் இரத்த அழுத்தமோ கண் அழுத்த நோயோ உள்ளவர்கள் எந்நாளிலும் தலைகீழ் ஆசனங்களையும் மூச்சடக்குதலையும் தவிர்க்க. இன்சுலின் போட்டுக்கொள்வோர் வெறும் வயிற்றில் பயிற்சி செய்யலாகாது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோர் மருத்துவரின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும்.

உடனிருந்து கவனிப்போருக்கு ஒரு வேண்டுகோள். “இன்றும் செய்யவில்லையா?” என்ற கேள்வி, அக்கறையோடு கேட்டாலும், குற்றச்சாட்டாகவே காதில் விழுகிறது. “இன்று நாற்காலியா, படுக்கையா?” என்று கேட்டுப் பாருங்கள். நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். சக்கரமுள்ள நாற்காலி வேண்டாம். வழுக்கும் தரையில் காலுறையோடு நிற்க விடாதீர்கள். படுத்திருந்தவர் எழும்போது முதலில் பக்கவாட்டில் ஒருக்களித்து, பின் அமர்ந்து, ஒரு நிமிடம் கழித்து நிற்கட்டும். இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்வோர் சட்டென்று எழுந்து விழுவது இப்படித்தான் தவிர்க்கப்படுகிறது.

பயிற்சி செய்த நாள்களை மட்டும் நாட்காட்டியில் வட்டமிட்டு எடுத்து வருவோர் பலர். அடுத்த முறை வரும்போது, இயலாமற்போன நாள்களையும், அன்று எங்கே வலித்தது, எத்தனை மணிக்குத் தளர்ந்தது என்பதையும் குறித்து வாருங்கள். பயிற்சியை மாற்றியமைக்க எனக்கு அந்தக் குறிப்பே கூடுதலாகப் பயன்படும்.