அயல்மொழி ஆங்கிலம்: ஓர் அகராதியின் உள்ளூர்ப் பிறப்பு

ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்போருக்கு உலகெங்கும் ஒரே நூல் போதும் என்னும் கருத்திற்கு ஆக்ஸ்போர்டின் கற்போர் அகராதி தக்க சான்றாகத் தோன்றும். அதன் பிறப்போ முற்றிலும் உள்ளூர்த் தன்மையது. 1922இல் ஜப்பானியக் கல்வித்துறையின் மொழி ஆலோசகராகச் சென்ற ஹெரால்டு பாமரும், பின்னர் அவருடன் இணைந்த ஹார்ன்பியும் அந்நாட்டு மாணவரிடம் கண்ட இடர்ப்பாடுகளே அதற்கு அடிப்படை. போர்க்காலத்தில், 1942இல், டோக்கியோவில் வெளிவந்த அந்நூலை ஆக்ஸ்போர்டு 1948இல் மறுபதிப்பாக வெளியிட்டது.

எண்ணத்தகு பெயர், எண்ணலாகாப் பெயர் என்னும் வேறுபாட்டை அது குறித்துக் காட்டிற்று. வினைகள் ஏற்கும் தொடரமைப்புகளையும் வகைப்படுத்திற்று. பெயர்க்குப் பன்மை விகுதி கட்டாயமாகாத, 'எ', 'தி' போன்ற சொற்களும் இல்லாத மொழியினருக்கு முன்னது இன்றியமையாதது.

ஆயினும், தமிழ் மாணவர் 'எக்ஸ்பிளெய்ன்ட் மீ' என எழுதுமிடத்து, வினையமைப்புக் குறிப்பு பிழையை உணர்த்துமேயன்றி, 'எனக்கு விளக்கினார்' என்பதிலுள்ள நான்காம் வேற்றுமையே அதற்குக் காரணம் எனக் கூறாது. எல்லா மொழியினருக்கும் பொதுவான நூலிடம் அதனை எதிர்பார்த்தலும் முறையன்று. அது ஆங்கிலம்–தமிழ் அகராதியின் கடன். அவ்வகராதிகளோ பெரும்பாலும் சொற்பொருளோடு அமைகின்றன. வினைச்சொல்லின்கீழ் வேற்றுமையை ஒப்பிட்டுக் காட்டும் ஒரு வரிக்கு அவற்றில் இடமுண்டு.