பிள்ளைகளுக்குத் தனி அறை: கப்பல்காரர் கணக்கு

"அண்ணே, பசங்களுக்குத் தனி ரூம் போட்டா கப்பல்ல ஒத்துக்குவாங்களா?"

கேட்டவர், பெருமுக்கல் குவாரிப் பக்கம் இரண்டு டிப்பர் லாரி வைத்து ஓட்டும் ஒரு தம்பி. கேட்ட இடம், திண்டிவனம் – மரக்காணம் சாலையோரத்து டீக்கடை. மகனுக்கு 16 வயது, மகளுக்கு 13. சென்னைத் துறைமுகத்திலிருந்து குடும்பத்தோடு ஒரு தடவை உல்லாசக் கப்பலில் போய்வர வேண்டும் என்று சீட்டுப் பணத்தை எடுத்து வைத்திருக்கிறார். நாலு பேருக்கும் ஒரே அறை என்றதும் மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டானாம். "வீட்லதான் எல்லாரும் ஒரே ரூம்ல ஏசியப் போட்டுப் படுக்கிறோம். அங்கயுமா?"

பையன் கேட்பதில் தப்பில்லை. கப்பல் பயணமும் இப்போது நம் பக்கத்து ஆட்களுக்கு எட்டாக்கனி இல்லை. கோர்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் 2022 ஜூனில் சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் போனது. 2023 ஜூன் 5 அன்று அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றக் கிளம்பியது. விமானத்தில் சிங்கப்பூர் போய் அங்கே கப்பலேறும் குடும்பங்களும் உண்டு.

தனி அறை கிடைக்குமா என்றால், கிடைக்கும். எந்த அறை, யார் பெயரில், எவ்வளவு தள்ளி என்பதில்தான் சங்கதி இருக்கிறது. அது பிடிபட, கப்பல் கம்பெனி நமக்கு எதை விற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகும் அரசுக் கப்பலில் விற்பது படுக்கை. டீலக்ஸ் அறையோ, பலர் படுக்கும் அறையோ, பெரிய கூடத்து பங்க்கோ, எதுவானாலும் ரயில் பெர்த் மாதிரி ஆளுக்கு ஒன்று என்று கணக்கு. உல்லாசக் கப்பலில் விற்பது அறை. ஓர் அறை என்றால் இரண்டு பேர் கட்டணம் என்பது அடிப்படை. மூன்றாவது, நான்காவது ஆள் அதே அறையில் சோபாக் கட்டிலிலோ, சுவரிலிருந்து இறக்கிவிடும் மேல் படுக்கையிலோ படுத்துக்கொண்டால் அவர்களுக்குக் கட்டணம் குறையும்.

ஒரு பேச்சுக்கு, முதல் இரண்டு பேருக்குத் தலா 100 ரூபாய், அடுத்த இரண்டு பேருக்குத் தலா 50 என்று வைத்துக்கொள்வோம். நாலு பேரும் ஒரே அறையில் என்றால் 300. இரண்டிரண்டு பேராக இரண்டு அறை என்றால் 400. இரண்டு அறை எடுத்தால் செலவு இரண்டு பங்காகிவிடும் என்று பயப்படுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. நாலு பேர் குடும்பத்துக்கு இந்தக் கணக்குப்படி மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. நாலு பேர் படுக்கிற அறைகள் எண்ணிக்கையில் குறைவு, சீக்கிரம் விற்றும் போய்விடும். அதனால் கடைசியில் மிஞ்சும் பெரிய அறையைவிட, ஜன்னல் இல்லாத உள்ளறை இரண்டு மலிவாகக் கிடைக்கிற நேரமும் உண்டு.

ஒரே பிள்ளை உள்ள வீட்டுக்குக் கதை வேறு. மூன்று பேர் ஒரே அறையில் 250. பிள்ளைக்குத் தனி அறை எடுத்தால், ஒற்றை ஆளாக இருந்தாலும் அந்த அறைக்குப் பெரும்பாலும் இரண்டு பேர் கட்டணம் வாங்கிவிடுவார்கள், ஆக 400. அந்தக் காசுக்கு மூன்று பேரும் ஒரே பெரிய அறைக்கு மாறிக்கொள்வது புத்திசாலித்தனம்.

அடுத்தது வயசு. பிள்ளைகள் மட்டும் தனி அறையில் தங்க ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு விதி. ராயல் கரீபியன் கப்பல்களில் ஒவ்வோர் அறையிலும் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து புறப்பட்டால் பெரியவர் என்பது 21 வயது, சிங்கப்பூர் போன்ற ஆசியத் துறைமுகங்களிலிருந்து என்றால் 18. பெற்றோர் ஒட்டிய அறையில் இருந்தால் பிள்ளைகளுக்குத் தளர்வு தருகிறார்கள். கார்னிவல் கம்பெனி தூரத்தை வைத்தே விதி எழுதியிருக்கிறது: 12 வயது வரை என்றால் பக்கத்து அறை அல்லது நேர் எதிர் அறை, 13 முதல் 17 வரை என்றால் மூன்று அறை தள்ளி வரை போகலாம். நம் தம்பியின் மகள் இந்த விதிப்படி போன வருஷம்தான் கோட்டைத் தாண்டியிருக்கிறாள்.

இதற்கு, அடிக்கடி கப்பலில் போகிற குடும்பங்கள் ஒரு வழி வைத்திருக்கின்றன. பதிவு செய்யும்போதே அப்பாவும் மகனும் ஓர் அறை, அம்மாவும் மகளும் இன்னோர் அறை என்று பெயர் கொடுத்துவிடுவார்கள். ஒவ்வோர் அறையிலும் ஒரு பெரியவர் இருப்பதால் கம்பெனியின் கணினி மறுப்பதில்லை. கப்பலேறிய பிறகு வரவேற்பு மேசையில் விஷயத்தைச் சொல்லி, இரண்டு அறைக்குமான சாவி அட்டையைக் கூடுதலாக வாங்கிக்கொண்டு, யார் எங்கே படுப்பது என்பதைக் குடும்பத்துக்குள் தீர்த்துக்கொள்வார்கள். ஒளிவுமறைவு வேண்டாம், மேசையில் இருப்பவர்கள் அன்றாடம் பார்க்கிற ஏற்பாடுதான்.

பல வீடுகளில் அந்த மாற்றமே தேவைப்படுவதில்லை. "பொட்டப் புள்ளய ராத்திரி தனியா விட மாட்டேன்" என்று தம்பியின் வீட்டுக்காரம்மா ஒரே பிடியாக நிற்கிறார். அவர் மகளோடு ஓர் அறை, அப்பா மகனோடு ஓர் அறை என்றால் காகிதமும் படுக்கையும் ஒன்றாகவே அமைந்துவிடும். பையனின் தொல்லையும் பெரும்பாலும் அதிலேயே தீரும். உள்ளறைகள் பல கப்பல்களில் 150 சதுர அடியைச் சுற்றித்தான் இருக்கும். கழிப்பறை ஒன்றே ஒன்று. காலையில் நாலு பேர் அதன் வாசலில் வரிசை நிற்பதுதான் சண்டையின் மூலம். பையன் கேட்பது பெரியவர் இல்லாத அறையா, நெரிசல் இல்லாத அறையா என்று அவனிடமே கேட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது.

ஆயாவும் கூட வருகிறார் என்றால் இன்னும் வசதி. அவரும் விதிப்படி ஒரு பெரியவர்தானே. ஆயா, பேத்தி, அம்மா ஓர் அறை. அப்பாவும் மகனும் இன்னோர் அறை. ஆயாவுக்குக் கீழ்க்கட்டில் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஏணி வைத்து ஏறும் மேல் படுக்கை பேத்திக்கு. நாத்தனார் மகனையோ அக்கா மகனையோ துணைக்குக் கூட்டிப் போவதானால், அவனுடைய அப்பா அம்மா கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் கையில் இருக்கட்டும்.

இனி அறையைத் தேர்ந்தெடுப்பது. 'பக்கத்து அறை' என்று ஏஜென்ட் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். இரண்டு அறைக்கும் நடுவில் உள்கதவு உள்ளது ஒரு வகை. வெறும் சுவரைப் பங்கு போடுவது இன்னொரு வகை. உள்கதவு இருந்தால் நடையோரத்துக்கு வராமலே பிள்ளைகள் அறைக்குப் போய்வரலாம். பேச்சுச் சத்தமும் அதே வழியாக வரும் என்பது அதன் குறை. கப்பலின் தள வரைபடத்தில் உள்கதவுள்ள அறைகளுக்குத் தனிக் குறி போட்டிருப்பார்கள்.

எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 7214 என்றால் பெரும்பாலும் ஏழாவது தளம். 7215 அடுத்த கதவு என்று நாம் நினைப்போம். பல கப்பல்களில் இரட்டைப்படை எண்கள் ஒரு பக்கம், ஒற்றைப்படை எண்கள் மறுபக்கம். 7215க்குப் போகக் கப்பலின் குறுக்கே நடக்க வேண்டும். 7214இன் பக்கத்து அறை 7216. அதனால் எண்ணை நம்பாமல் வரைபடத்தைத் திறந்து விரலால் தொட்டுப் பாருங்கள்.

சிக்கனமாக முடிக்க வேண்டுமா? பெரியவர்களுக்கு பால்கனி அறை, அதற்கு நேர் எதிரே பிள்ளைகளுக்கு உள்ளறை. உள்ளறை விலை குறைவு. பிள்ளைகள் பால்கனிக் கம்பியில் ஏறுவார்களோ என்ற கவலையும் இல்லை. 'எந்த அறை என்று பிறகு சொல்வோம், விலை குறைவு' என்று ஒரு வகை டிக்கெட் விற்பார்கள். இரண்டு அறை பக்கத்தில் பக்கத்தில் வேண்டும் என்கிறவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. ஓர் அறை முகப்பிலும் ஒன்று வாலிலும் விழலாம். இரண்டு பதிவையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லவும் மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் சாப்பாட்டு மேசைகூடத் தனித்தனியாகப் போய்விடும்.

இதுவரை சொன்னது சௌகரியம். அடுத்ததைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

கப்பலில் ஆபத்து என்றால் எல்லாரும் போய்க் கூட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தை நிர்ணயிப்பதும் அறை எண்தான்; அது சாவி அட்டையிலேயே இருக்கும். இரண்டு அறை எடுத்த குடும்பத்துக்கு இரண்டு வேறு இடங்கள் விழலாம். ஓர் அறையில் நாலாவது கட்டில் இருந்தும் சில சமயம் நாலாவது ஆளைக் கணினி ஏற்காது. அந்தப் பகுதிக்கு ஒதுக்கிய உயிர்காப்புப் படகில் இடக் கணக்கு முடிந்திருக்கும். காகிதத்தில் எந்த அறையோ, ஆபத்திலும் அந்த அறையின் இடம்தான். படுக்கை மாறியிருந்தால் இதைப் பிள்ளைகளுக்குப் பதியும்படி சொல்ல வேண்டும். ஒரே இடமாக மாற்றித் தர முடியுமா என்று முதல் நாளே வரவேற்பு மேசையில் கேட்கவும் வேண்டும்.

2012 ஜனவரி 13 இரவு இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கன்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில் ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஆபத்துக்கால ஒத்திகையே நடந்திருக்கவில்லை. அப்போதைய விதிப்படி அதற்கு 24 மணி நேர அவகாசம் இருந்தது. அதன் பிறகு சர்வதேச விதி மாறி, 2015 ஜனவரி 1 முதல், புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை கட்டாயம் ஆனது. ஏழு குட்டைச் சங்கொலி, அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலி. அதுதான் அபாய அறிவிப்பு. மகன் நீச்சல் குளத்திலும் மகள் விளையாட்டுக் கூடத்திலும் இருக்கும்போது அது ஒலித்தால், அறைக்கு ஓடுவதோ அப்பாவைத் தேடி அலைவதோ கூடாது. அவரவர் அட்டையில் உள்ள இடத்துக்கு நேரே போக வேண்டும். அந்த வழியை முதல் நாள் மாலையே பிள்ளைகளை முன்னால் விட்டு ஒரு தரம் நடந்து பார்த்துவிடுங்கள்.

அதே அட்டைதான் கடைகளில் பணப்பையும். பிள்ளைகளின் அட்டையில் செலவுக்கு வரம்பு வைக்கவோ முழுசாகப் பூட்டவோ வரவேற்பு மேசையில் சொன்னால் போதும். அறைக் குளிர்பெட்டியில் மது பாட்டில் இருந்தால் எடுத்துவிடச் சொல்லலாம். சூதாட்டக் கூடத்துக்குள் சிறுவர்களை விடமாட்டார்கள். கதவைத் தட்டினால் உடனே திறக்காமல், துளை வழியே பார்த்துவிட்டுத் திறக்கப் பழக்குங்கள். கைபேசி ஏரோபிளேன் மோடில் இருக்கட்டும். நடுக்கடலில் கப்பலின் செயற்கைக்கோள் அலைவரிசையைப் பிடித்துக்கொண்டால் பில் தாங்காது. ராத்திரி எத்தனை மணிக்கு அறைக்குத் திரும்ப வேண்டும் என்பதற்குக் கப்பலிலும் விதி உண்டு, வீட்டிலும் ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

தம்பியிடம் கடைசியாகச் சொன்னது, ஏஜென்டிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள். பெரியவர் இல்லாத அறைக்கு உங்கள் கம்பெனியில் வயசு விதி என்ன? இரண்டு அறைக்கும் நடுவில் உள்கதவு உண்டா, அறை எண்கள் இப்போதே உறுதியா? நாலு பேருக்கும் ஆபத்துக்காலக் கூடுமிடம் ஒன்றாக அமையுமா? மூன்றுக்கும் பதில் வாட்ஸப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் வர வேண்டும். வாய்ப்பேச்சை நம்பி முன்பணம் கட்டாதீர்கள்.