பணியைத் தள்ளிப்போடுதல்: ஆசிரியர்களும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

விடைத்தாள் கட்டைப் பிரிக்காமலேயே நாள்களைக் கடத்துவது பெரும்பாலும் சோம்பலன்று. சலிப்பு, பிழை நேருமோ என்னும் அச்சம் ஆகியவற்றிலிருந்து மனம் தற்காலிகமாக விலகிக்கொள்வதே தள்ளிப்போடுதல். அவ்விலகல் தரும் உடனடி நிம்மதியே அப்பழக்கத்தை வலுப்படுத்துகிறது.

என்ன செய்யலாம்?

• நாளைய வகுப்புக்குரியவை, இவ்வாரத்துக்குரியவை, பிறரிடம் ஒப்படைக்கத்தக்கவை எனப் பணிகளைப் பிரித்தெழுதவும்.
• கடினமான பணியை ஐந்து விடைத்தாள்கள் என்ற சிறு அளவில் தொடங்கவும். பின்னர் சற்று ஓய்வெடுக்கவும்.
• உணவு, உறக்கம், மருந்து ஆகியவற்றை எப்பணிக்காகவும் ஒத்திவைக்க வேண்டாம்.

குடும்பத்தினர் குறைகூறாமல், பணியைத் தொடங்கத் துணைநிற்கவும்.

எப்போது உதவி நாட வேண்டும்?

மனச்சோர்வு, ஆர்வமின்மை, உறக்கமின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுகவும். இந்தியாவில் டெலி மானஸ் கட்டணமில்லா எண் 14416 மூலம் 24 மணி நேரமும் மனநல ஆலோசனை பெறலாம்.