டப்பா பீன்ஸை வெச்சு என்ன சமைக்கிறது? அமெரிக்க இலவச உணவு மையங்களின் சமையல் வகுப்புகளுக்கு என்ன ஆச்சு?

காய்ந்த பயறு ஒரு பாக்கெட், டப்பாவில் அடைத்த பீன்ஸ், டப்பா காய்கறி, பாஸ்தா, பீனட் பட்டர். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு முட்டைகோஸ். அமெரிக்காவில் 'ஃபுட் பேன்ட்ரி' எனப்படும் இலவச உணவு மையத்துக்குப் போகிறவர்கள் வீட்டுக்குக் கொண்டுவரும் பை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பசிக்கு உதவும், சரி. ஆனா, இதை வெச்சு ராத்திரிக்கு என்ன சமைக்கிறது?

இதற்குப் பதில் சொல்லத்தான் அந்த மையங்களில் சமையல், ஊட்டச்சத்து வகுப்புகள் நடக்கின்றன. இத்தகைய வகுப்புகளுக்கு முக்கியமான நிதி ஆதாரமாக இருந்த அரசுத் திட்டத்துக்கு, 2025 செப்டம்பரோடு புதிய நிதி நின்றுவிட்டது.

பேன்ட்ரி என்றால் என்ன?

நம்ம ஊர் ரேஷன் கடையோடு இதைக் குழப்பிக்க வேண்டாம். ரேஷனில் எந்தப் பொருள், எத்தனை கிலோ என்பது முன்கூட்டியே தெரியும். பேன்ட்ரியை நடத்துவது பெரும்பாலும் சர்ச்சுகளும் தொண்டு அமைப்புகளும். நன்கொடையாக வருவது, கடைகளில் மிஞ்சுவது, அரசு வாங்கித் தருவது என எல்லாம் கலந்து வரும். இந்த வாரம் கிடைத்தது அடுத்த வாரம் கிடைக்காது. இந்த மையங்களுக்குச் சரக்கு அனுப்பும் பெரிய கிடங்குதான் 'ஃபுட் பேங்க்'. முதல் ஃபுட் பேங்க் 1967-ல் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் தொடங்கியது.

வகுப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள்?

'ஏழைகளுக்குச் சமைக்கத் தெரியாது, அதான் கத்துக்கொடுக்கிறாங்க' என்று நினைத்தால் தப்பு. வருகிறவர்களில் பலர் தினமும் வீட்டில் சமைப்பவர்கள்தான். சிக்கல், கைக்குக் கிடைக்கும் பொருளில் இருக்கிறது. டப்பா பீன்ஸில் உப்பு அதிகம். ரத்த அழுத்தம் உள்ளவருக்கு அது ஆகாது. ஆனால் டப்பாவில் உள்ள தண்ணீரைக் கொட்டிவிட்டு, பீன்ஸை நன்றாக அலசினால் சோடியம் சுமார் 40 சதவீதம் வரை குறையும். இதற்குச் செலவே இல்லை.

காய்ந்த பயறு இன்னும் மலிவு. ஆனால் ஊறவைக்கணும், வேகவைக்கணும். இரண்டு வேலை பார்ப்பவருக்கு நேரம் எங்கே? மோட்டல் அறையில் குடியிருப்பவரிடம் மைக்ரோவேவ் மட்டும்தான் இருக்கும். அதனால் வகுப்பு எடுப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'வீட்ல அடுப்பு இருக்கா?' என்பதுதான்.

'ஷேர் அவர் ஸ்ட்ரெங்த்' அமைப்பு 1993-ல் தொடங்கிய திட்டம், பின்னாளில் 'குக்கிங் மேட்டர்ஸ்' என்ற பெயரில் பிரபலமானது. ஆறு வார வகுப்பு. அன்று சமைத்த உணவுக்கான பொருட்களைக் கையோடு கொடுத்தனுப்புவார்கள். இது சின்ன விஷயமில்லை. புது காயை வாங்கிச் சமைத்து, பிள்ளைகள் தொடாமல் ஒதுக்கிவிட்டால், இன்னொரு சாப்பாட்டுக்குக் காசு இருக்காது. அந்தப் பயம்தான் பலரைப் பழைய சாப்பாட்டிலேயே நிறுத்திவைக்கிறது. பொருளை இலவசமாகக் கொடுத்தால் துணிந்து செய்து பார்க்கலாம். இன்னொரு பயிற்சியில் சூப்பர் மார்க்கெட்டுக்கே கூட்டிப்போய், நான்கு பேருக்கான சத்தான சாப்பாட்டுக்கு 10 டாலருக்குள் பொருள் எடுக்கச் சொல்வார்கள்.

நிதி ஏன் நின்றது?

'ஸ்நாப்' என்பது ஏழைகளுக்கான உணவு உதவி. பழைய பெயர் 'ஃபுட் ஸ்டாம்ப்'. அந்த அட்டையை வைத்துச் சூடாகச் சமைத்த உணவைப் பொதுவாக வாங்க முடியாது. ஆக, சமைத்தே ஆகணும். அதற்கான கல்விப் பிரிவுதான் 'ஸ்நாப்-எட்'. ஆண்டுக்கு 50 கோடி டாலருக்கு மேல் செலவு. 2025 ஜூலை 4-ல் அதிபர் ட்ரம்ப் கையெழுத்திட்ட சட்டம் இதை நீக்கியது. ஒரே வேலையைப் பல திட்டங்கள் செய்கின்றன, உடல் பருமன் குறைந்ததாகத் தெரியவில்லை என்பது நீக்கியவர்களின் வாதம். முதல் பாதியில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் சில வார வகுப்பை உடல் பருமனை வைத்து அளப்பது சரியான தராசு இல்லை.

1969-ல் தொடங்கிய இன்னொரு அரசுத் திட்டம் பல்கலைக்கழகங்கள் வழியாகத் தொடர்கிறது. உள்ளூர் ஆட்களையே வேலைக்கு எடுத்துப் பயிற்சி கொடுத்து, பாடம் நடத்த வைக்கும் நல்ல திட்டம். ஆனால் அதன் கவனம் சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்கள், கர்ப்பிணிகள், இளையோர் மீதுதான். பிள்ளைகள் இல்லாத 60 வயதுக்காரருக்கு அதில் பெரிதாக இடமில்லை. அதே 2025 சட்டம், ஸ்நாப் பெற வேலை பார்த்தாக வேண்டும் என்ற நிபந்தனையின் வயது வரம்பையும் 54-லிருந்து 64 ஆக உயர்த்தியிருக்கிறது. அட்டையை இழந்தால் அவர் போக வேண்டிய இடம் பேன்ட்ரிதான். அங்கே டப்பா பீன்ஸ் கிடைக்கும். வகுப்பு நடக்குமா என்பது அந்த மையம் வேறு எங்கிருந்து பணம் திரட்டுகிறது என்பதைப் பொறுத்தது.